டிரெயின் போல்ட்டுக்கு ஓர் அளவு: கோத்தகிரிப் பட்டறை ஒன்றைப் பற்றி

டூவீலர் பட்டறைகளைப் பற்றிக் கருத்து எழுதுகிறவர்கள் கூலி எவ்வளவு, வண்டி எத்தனை மணிக்குக் கைக்கு வந்தது, கழுவித் தந்தார்களா என்ற மூன்றோடு பெரும்பாலும் நிறுத்திக்கொள்கிறார்கள். கோத்தகிரியிலிருந்து அரவேனு பக்கம் இறங்கும் மேட்டுப்பாளையம் சாலையில், பெயர்ப்பலகைகூட இல்லாமல் இயங்கும் ஒரு சிறு பட்டறையை நான் அந்த மூன்றையும் வைத்து மதிப்பிடப் போவதில்லை. கூலி மற்ற இடங்களைவிடச் சற்று அதிகம்; நேரம் நிச்சயமாக அதிகம்; வண்டியைக் கழுவித் தருவதே கிடையாது. ஆனாலும் எஞ்சின் ஆயில் மாற்ற நான் அங்கேதான் போகிறேன். அதற்குக் காரணம், பழைய ஆயில் முழுவதும் வடிந்து முடிந்தபின் எஞ்சினின் அடியில் ஆயிலை வடிப்பதற்காக இருக்கும் அந்த ஒற்றை டிரெயின் போல்ட்டை அவர்கள் திரும்ப மாட்டும் விதம்.

ஆயில் மாற்றுவது எளிய வேலை என்று பெயர் எடுத்துவிட்டதால், பட்டறையில் புதிதாகச் சேரும் பையனிடம் முதலில் ஒப்படைக்கப்படும் வேலையும் அதுவாகவே இருக்கிறது. அவன் கையில் நீண்ட ரிங் ஸ்பேனரோ, காற்றில் இயங்கும் இம்பாக்ட் கன்னோ இருக்கும். ஆயில் ஒழுகினால் திட்டு விழும் என்பது அவனுக்குத் தெரியும்; மரை, அதாவது போல்ட் சுழன்று ஏறும் திருகுப் பள்ளம், போனால் என்ன ஆகும் என்பது தெரியாது, ஏனெனில் அளவுக்கு மீறி இறுக்கிய போல்ட் அன்றைக்கு ஒரு குறையும் காட்டாது. அடுத்த முறையோ அதற்கும் அடுத்த முறையோ, வேறொரு பட்டறையில், வேறொருவர் கையில்தான் அந்த மரை கழன்று வரும். பழியும் அவர் தலையில்தான் விழும். இந்தப் பட்டறையின் உரிமையாளர் ஒரு வண்டியை முதன்முறையாக வாங்கும்போது, எஞ்சினுக்கு அடியில் டார்ச் அடித்து போல்ட்டின் தலை மழுங்கியிருக்கிறதா, சுற்றிலும் ஈரம் கசிந்திருக்கிறதா என்று நம்மையும் குனிந்து பார்க்கச் சொல்வதன் காரணம் இதுதான். முதலில் இது தன்னைக் காத்துக்கொள்ளும் தந்திரமாகத் தோன்றலாம். தந்திரமாகவே இருந்தாலும் அதனால் வண்டிக்காரருக்கு நன்மைதான்.

மலையில் வண்டி ஓட்டுகிறவர்களுக்கு இந்த போல்ட்டைப் பற்றிய அச்சம் சமவெளிக்காரர்களைவிட அதிகம். அதில் நியாயமும் இருக்கிறது. கோத்தகிரி கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,800 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஏறத்தாழ 33 கிலோமீட்டர் தொலைவில் மேட்டுப்பாளையத்தை அடையும்போது நாம் 1,400 மீட்டருக்கும் மேல் கீழே இறங்கியிருப்போம். பிரேக்கை மட்டும் நம்பாமல் இரண்டாவது, மூன்றாவது கியரில் எஞ்சினையே பிடிமானமாக வைத்துக்கொண்டு இறங்கும் பாதை அது. பெரும்பாலான வண்டிகளில் டிரெயின் போல்ட் பின்சக்கரத்துக்குச் சற்று முன்னால், எஞ்சினின் அடித்தட்டில் இருக்கிறது. அங்கிருந்து ஒழுகும் ஆயில் காற்றோடு பின்னால் அடித்து டயரில்தான் படும். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஏற்கெனவே வழுக்கும் கொண்டை ஊசி வளைவில் டயரின் ஓரத்தில் ஆயிலும் சேர்ந்தால் என்ன நடக்கும் என்பதை இங்கு யாருக்கும் விளக்கத் தேவையில்லை. 150 சிசி வண்டி ஒன்றில் இருப்பதே ஏறக்குறைய ஒரு லிட்டர் ஆயில்தான் என்பதால், டயர் தப்பினாலும் எஞ்சின் தப்பாது.

ஆகவே வாடிக்கையாளர்களே, “இன்னும் கொஞ்சம் டைட் பண்ணிருங்கண்ணா, கீழே இறங்கணும்” என்று கேட்கிறார்கள். இந்தப் பட்டறையில் அந்தக் கோரிக்கையை மரியாதையாக மறுத்துவிடுகிறார்கள். மறுப்பதோடு நிற்காமல் காரணத்தையும் சொல்கிறார்கள் என்பதை அவர்களுடைய சேவையின் ஒரு பகுதியாகவே நான் கணக்கில் வைக்கிறேன். போல்ட் எஃகு, அது இறங்கும் கிராங்க் கேஸ், அதாவது எஞ்சினின் உறை, அலுமினியக் கலவை. இரண்டும் மோதினால் தோற்பது எப்போதும் அலுமினியம்தான். மேலும், ஆயிலைத் தடுத்து நிறுத்துவது மரையின் இறுக்கம் அல்ல, போல்ட்டின் தலைக்கும் கேஸுக்கும் இடையில் நசுங்கி உட்காரும் செம்பு அல்லது அலுமினிய வாஷர். அந்த வாஷர் சரியாக உட்காருவதற்கு எவ்வளவு விசை தேவையோ அதற்கு மேல் கொடுக்கும் ஒவ்வொரு இழுப்பும் அலுமினிய மரையைத்தான் இழுக்கிறது. ஓர் எல்லை வரை பிடிமானம் கூடும். அந்த எல்லையைக் கடந்ததும் மரையின் பற்கள் வளைந்து பிடிமானம் குறையத் தொடங்கும். பயத்தினால் கூடுதலாக இறுக்கியவருக்கு, அவர் பயந்த ஒழுகலே வந்து சேரும்.

எவ்வளவு விசை என்பதை வண்டியின் கையேடு சொல்கிறது. 12 மில்லிமீட்டர் மரை கொண்ட டிரெயின் போல்ட்டுகளுக்குப் பொதுவாக 20 முதல் 30 நியூட்டன்-மீட்டர் (முறுக்குவிசையின் அலகு) வரை இருக்கும். என் வண்டிக்கு 24. இந்த எண்ணைக் கேட்டால் ஒன்றும் புரியாது, கையால் செய்து பார்த்தால் புரியும். 25 சென்டிமீட்டர் நீளமுள்ள ஸ்பேனரின் முனையில் 10 கிலோ எடை தொங்கினால் உண்டாகும் முறுக்குவிசை 24.5 நியூட்டன்-மீட்டர். அவ்வளவுதான் தேவை. அதே போல்ட்டில் 30 சென்டிமீட்டர் கைப்பிடியைப் போட்டு, உடம்பைச் சாய்த்து 30 கிலோ விசையோடு இழுத்தால் 88 நியூட்டன்-மீட்டர் ஆகிவிடுகிறது. அதன் முனையில் ஒரு பைப்பைச் செருகி நீளத்தை இரட்டிப்பாக்கினால் 176. இழுப்பவருக்கு இரண்டிலும் உழைப்பு ஒன்றுதான். நீளமான கருவி கையின் உணர்வை ஏமாற்றிவிடுகிறது என்பதால்தான், பல ஆண்டு அனுபவமுள்ள மெக்கானிக்கின் ‘கைக்கணக்கு’ என்பதை அவர் வழக்கமாகப் பிடிக்கும் ஸ்பேனரோடு சேர்த்துத்தான் நம்ப முடியும். ஸ்பேனரை மாற்றினால் கணக்கும் மாறிவிடும்.

இந்தப் பட்டறையில் கைக்கணக்கை நம்புவதில்லை. சுவரில் தனியாக ஒரு பெட்டியில், முறுக்குவிசையை அளந்து இறுக்கும் டார்க் ரெஞ்ச் வைத்திருக்கிறார்கள்: 3/8 இஞ்ச் சதுர முனை, 10 முதல் 60 நியூட்டன்-மீட்டர் வரை அளவு, குறித்த விசையை எட்டியதும் ‘க்ளிக்’ என்று விட்டுக்கொடுக்கும் வகை. 24 என்பது அந்த அளவின் நடுப்பகுதியை ஒட்டி வருவதால் தேர்வு சரி. இத்தகைய ரெஞ்சுகள் தங்கள் அளவின் அடிக்கோட்டில் அவ்வளவு நம்பத்தக்கவை அல்ல. பயன்படுத்தும் முறையிலும் ஒழுங்கு இருக்கிறது. கழற்றுவதற்கு அதைத் தொடுவதே இல்லை. முதல் க்ளிக் கேட்டதும் கையை எடுத்துவிடுகிறார்கள். உறுதிப்படுத்துவதாக நினைத்து இரண்டாவது, மூன்றாவது முறை க்ளிக் செய்யும் வழக்கம் வேறு இடங்களில் உண்டு, அது ஒவ்வொரு முறையும் சிறிது கூடுதலாக இறுக்கவே செய்யும். வேலை முடிந்ததும் உள்ளிருக்கும் ஸ்பிரிங் தளராமல் இருப்பதற்காக அளவைக் குறைந்தபட்சக் கோட்டுக்குத் திருப்பி வைத்துவிட்டுத்தான் பெட்டியை மூடுகிறார்கள்.

அந்த ரெஞ்ச் சரியாகத்தான் காட்டுகிறதா என்ற சந்தேகத்தை நான் உரிமையாளரிடம் நேரடியாகவே கேட்டேன். இத்தகைய கருவிகளுக்கான ஐஎஸ்ஓ 6789 தரநிலை, 10 நியூட்டன்-மீட்டருக்கு மேல் நான்கு விழுக்காடு வரைதான் பிழையை அனுமதிக்கிறது. வேறு ஏற்பாடு இல்லாத இடத்தில் 5,000 முறை பயன்படுத்தியதும் அல்லது ஓர் ஆண்டு முடிந்ததும், எது முந்துகிறதோ அப்போது சோதிக்க வேண்டும் என்கிறது. சான்றிதழ் எதுவும் அவரிடம் இல்லை. அதற்குப் பதிலாக அவர் செய்து காட்டிய சோதனை எனக்குப் பிடித்திருந்தது. ரெஞ்சின் சதுர முனையைப் பட்டறை வைஸில் (மேசையில் பொருத்திய இடுக்கிப் பிடியில்) இறுகப் பிடித்து, கைப்பிடி தரைக்குக் கிடையாக இருக்கும்படி வைத்து, முனையிலிருந்து 25 சென்டிமீட்டரில் 10 கிலோ எடைக்கல்லைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டார். அளவை 23-இல் வைத்தபோது க்ளிக் ஆனது. 27-இல் வைத்தபோது ஆகவில்லை. ரெஞ்சின் சொந்த எடையும் அந்தக் கணக்கில் சிறிது சேர்ந்துகொள்ளும் என்பதையும் அவரே சொன்னார். ஆய்வகச் சோதனைக்கு இது ஈடாகாது. கோயம்புத்தூரில் அத்தகைய ஆய்வகங்கள் இருக்கும்போது ஆண்டுக்கொரு முறை அனுப்பிச் சான்று வாங்கி வந்தால் நல்லது என்பதே என் கருத்து. எனினும், ரெஞ்ச் முற்றிலும் பழுதாகி 24 என்று சொல்லிக்கொண்டு 40-இல் இறுக்கவில்லை என்பதைக் கண்டுபிடிக்க இந்தக் கயிறும் கல்லும் போதும்.

ரெஞ்சுக்கு முந்தைய படிகள்தான் உண்மையில் அதிகக் கவனத்தைக் கேட்கின்றன. எஞ்சினைச் சில நிமிடம் ஓடவிட்டு வெதுவெதுப்பாக்கியபின்தான் போல்ட்டைக் கழற்றுகிறார்கள். மார்கழிக் காலையில் இங்குள்ள குளிரில் ஆயில் கெட்டித்து, சூடாக்காமல் திறந்தால் அடியில் ஒரு பகுதி தங்கிவிடும். ஆனால் கொதிக்கும் எஞ்சினில் திரும்ப மாட்டுவதில்லை. வெப்பத்தில் அலுமினியம் எஃகைப்போல் ஏறத்தாழ இரண்டு மடங்கு விரியும் என்பதால், கை வைக்கும் அளவுக்கு ஆறும்வரை காத்திருக்கிறார்கள். அதற்குள் ஆயிலும் கடைசிச் சொட்டு வரை வடிந்துவிடுகிறது. நேரம் கூடுகிறது என்று முதலில் சொன்னேனே, அதில் பெரும்பங்கு இதற்குத்தான் போகிறது.

போல்ட்டை எந்தப் பக்கம் திருப்புவது என்பதில் பையன்களுக்கு அவர் கொடுத்திருக்கும் பயிற்சி பாராட்டத்தக்கது. போல்ட்டின் தலை தரையைப் பார்த்து இருக்கிறது. நாமோ மேலிருந்து குனிந்து பார்க்கிறோம். மேலிருந்து பார்க்கும் கண்ணுக்குக் கழற்றும் திசை தலைகீழாகத் தோன்றும். கழற்றுவதாக நினைத்துக்கொண்டு முழு பலத்தோடு இறுக்கி மரையைக் கெடுத்த வண்டிகள், தப்பாக இறுக்கியே கெட்ட வண்டிகளுக்கு எண்ணிக்கையில் குறைந்தவை அல்ல என்பது அவர் அனுபவம். வண்டியின் அடியில் தலையை வைத்து போல்ட்டை நேருக்கு நேர் பார்த்த பிறகே ஸ்பேனரைப் போட வேண்டும் என்பது அங்கு விதி.

கழற்றிய போல்ட்டைத் துணியால் துடைத்து வெள்ளைத் தட்டில் வைத்து நம்மிடம் காட்டுகிறார்கள். மரையின் இடுக்கில் வெள்ளிச் சுருள்போல அலுமினியத் துகள் ஒட்டியிருந்தால் கேஸின் மரை தேயத் தொடங்கிவிட்டது என்று பொருள். பழைய வாஷரைக் குப்பைக்கு அனுப்பிவிட்டு ஒவ்வொரு முறையும் புதியது போடுகிறார்கள். ஒரு முறை நசுங்கிய வாஷர் கடினமாகிவிடுவதால் இரண்டாம் முறை எளிதில் உட்காராது, லேசாகக் கசியும், கசிவை நிறுத்த இன்னும் இறுக்குவார்கள், மரை போகும். பத்து இருபது ரூபாய் வாஷரை மிச்சம் பிடிக்கப் போய்த் தொடங்கும் இந்தச் சங்கிலி எத்தனை கிராங்க் கேஸ்களைத் தின்றிருக்கும் என்று எண்ணிப் பார்க்கலாம். செம்பு வாஷரைச் சிவக்கச் சுட்டு ஆறவைத்தால் மீண்டும் மென்மையாகும் என்பது உண்மைதான். புதியது கிடைக்காத அவசரத்துக்கு அது உதவும், பட்டறையின் வாடிக்கையாக அது இருக்கக் கூடாது.

மாட்டும்போது முதல் சுற்றுகள் முழுவதும் விரலால்தான். போல்ட்டை முதலில் எதிர்த்திசையில் மெதுவாகத் திருப்பி, மரையின் தொடக்கத்தில் அது ‘டக்’ என்று விழுவதை உணர்ந்த பிறகே சரியான திசையில் ஏற்றுகிறார்கள். வாஷர் கேஸைத் தொடும்வரை விரலாலேயே ஏற வேண்டும். நடுவில் சிக்கினால் கழற்றி மீண்டும் தொடங்க வேண்டும். அதன் பிறகு ரெஞ்ச், ஒரு க்ளிக். கடைசியாக, போல்ட்டின் தலையிலிருந்து கேஸ் வரை வெள்ளைப் பெயின்ட்டால் ஒரு சிறு கோடு. போல்ட் சிறிது தளர்ந்தாலும் கோடு இரண்டாக விலகிவிடும் என்பதால், மலை இறங்குவதற்கு முன் வண்டிக்காரரே ஒரு பார்வையில் தெரிந்துகொள்ளலாம். “இன்னும் கொஞ்சம் டைட்” என்று கேட்கிறவர்களுக்கு இந்தக் கோட்டைவிடப் பொருத்தமான பதில் இல்லை. பந்தயத் தடங்களில் ஓடும் வண்டிகளில்கூட டிரெயின் போல்ட்டைக் கூடுதலாக இறுக்குவதில்லை; தலையில் துளையிட்டுக் கம்பியால் கட்டிவிடுகிறார்கள். தளராமல் இருப்பதும் இறுக்கமாக இருப்பதும் வேறு வேறு என்பதை அங்கும் பிரித்தே பார்க்கிறார்கள்.

இனி குறைகள். முதலாவது, எனக்குப் பெரிதாகப் படுவது: டிரெயின் போல்ட்டுக்குக் காட்டும் இந்த ஒழுங்கு ஆயில் ஃபில்டர் மூடிக்கு வந்ததும் காணாமல் போகிறது. அந்த மூடியைப் பிடிக்கும் போல்ட்டுகள் 6 மில்லிமீட்டர் மரை கொண்ட சிறியவை. அவற்றுக்கு 10 நியூட்டன்-மீட்டர் அளவே போதும். மரை போவதில் டிரெயின் போல்ட்டைவிட அவை வேகமானவை. அவர்களிடம் உள்ள ரெஞ்ச் 10-இல்தான் தொடங்குகிறது, அதன் அடிக்கோட்டை நம்பவும் முடியாது என்பதால், அவற்றைச் சின்ன டி ஸ்பேனரால் கையுணர்வை வைத்தே இறுக்குகிறார்கள். அவர் கை நல்ல கை என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் கையை நம்பக் கூடாது என்பதுதானே இந்தப் பட்டறையின் கொள்கை. 5 முதல் 25 நியூட்டன்-மீட்டர் வரை காட்டும் 1/4 இஞ்ச் ரெஞ்ச் ஒன்றை அவர் வாங்கியாக வேண்டும். சொன்னபோது மறுக்கவில்லை, வாங்கியதாகவும் இதுவரை தெரியவில்லை.

இரண்டாவது, உதிரி இருப்பு. வாஷர்களில் பரவலாக ஓடும் வண்டிகளுக்கானவை மட்டுமே இருக்கின்றன. அபூர்வமான வண்டி என்றால் நாமே கோயம்புத்தூரிலிருந்து வாஷரை வாங்கிக்கொண்டு போக வேண்டும். அது இல்லாமல் போனால் வேலையை எடுக்கவே மறுத்துவிடுகிறார். தொலைவிலிருந்து ஏறி வந்தவருக்கு இது எரிச்சலூட்டும். ரப்பர் ஓ-ரிங்கும் ஸ்பிரிங்கும் கொண்ட பெரிய மூடி வழியாக ஆயில் வடிக்கும் வண்டிகளுக்கும் இதே நிலைதான். அவற்றில் ஓ-ரிங்கை மாற்றாமல் இறுக்கத்தைக் கூட்டுவதால் எந்தப் பயனும் இல்லை என்பதால் அவருடைய மறுப்பைக் குறை சொல்லவும் முடியவில்லை. தவிர, உட்கார இடமில்லை, கேட்டால்தான் ரசீது.

பழைய ஆயிலை மூடியுள்ள கேனில் சேர்த்து எடுக்க வருபவரிடம் ஒப்படைக்கிறார்கள். இங்கு சாலையோர ஓடையில் ஊற்றினால் அது பவானியில்தான் போய்ச் சேரும். 2016-ஆம் ஆண்டின் அபாயகரக் கழிவு விதிகளின்படியும் பயன்படுத்திய ஆயில் அபாயகரக் கழிவுதான். இதைச் சிறப்பு என்று புகழ வேண்டிய நிலை இருப்பதே வருத்தம்.

மரை ஏற்கெனவே போன வண்டிகளையும் எடுக்கிறார்கள். டெஃப்லான் டேப் சுற்றுவது, எம்-சீல் அப்புவது போன்ற ஒட்டுவேலைகளை அவர் செய்வதில்லை; அத்தகைய ஒட்டு எஞ்சினுக்குள் பிய்ந்து விழுந்தால் ஆயில் வழியை அடைக்கும். அகலமான மரை வெட்டி ஓவர்சைஸ் போல்ட் போடுவதைவிட, கேஸில் புதிய மரை வெட்டி எஃகுச் சுருளான ஹெலிகாயிலை இறக்குவதையே அவர் விரும்புகிறார்; அதன் பிறகு பழைய அளவு போல்ட்டையே போட்டுக்கொள்ளலாம், எஃகு மரை என்பதால் நீடித்தும் உழைக்கும். மரை வெட்டும்போது, வெட்டும் கருவியில் கிரீஸ் தடவித் துகள்களைப் பிடித்து, முடிந்ததும் சிறிது ஆயிலை மேலிருந்து ஊற்றி அடியைக் கழுவிவிடுகிறார். கேஸே விரிசல் விட்டிருந்தால் மட்டும் எஞ்சினைப் பிரிக்க வேண்டும் என்று சொல்லி, அந்தச் செலவு எங்கே போய் நிற்கும் என்பதையும் மறைக்காமல் சொல்கிறார்.

ஆயில் தவிர்த்து வேலைக்கூலி என்னிடம் 200 ரூபாய் வாங்கினார்கள், வாஷர் தனி. ஆயிலை நாமே வாங்கிக்கொண்டு போகலாம், கையேட்டில் உள்ள தரம்தானா என்று பார்த்துவிட்டுத்தான் டப்பாவைத் திறப்பார்கள். காலையில் முதல் வண்டியாகப் போவது நல்லது. மதியத்துக்கு மேல் போனால் மறுநாள் வரச் சொல்லிவிட வாய்ப்புண்டு. வேறு எங்காவது இம்பாக்ட் கன்னால் இறுக்கப்பட்ட வண்டியாக இருந்தால் அதை அவர் ஸ்பேனரைத் தொடும் முன்பே சொல்லிவிடுங்கள். போல்ட் வரும்போதே மரையும் சேர்ந்து வந்தால் ஹெலிகாயில் வேலைக்கு வண்டியை ஒரு நாள் விட்டுவிட்டு வர நேரிடும், திரும்பிப் போகப் பேருந்துக்கும் ஏற்பாடு செய்துகொள்ள வேண்டியிருக்கும்.